77301 என்ற குறியீட்டுக்குள் ஒரு வரைபடம்

அமெரிக்காவில் மகனுடன் வசிக்கும் தம் அண்ணனுக்கு டான்சில் புற்றுநோய் கண்டறியப்பட்டதாகவும், ஒரு நாள்கூடக் கதிர்வீச்சுக் கருவியின் கீழ் படுப்பதற்கு முன்பே பல ஆயிரம் டாலருக்குப் பில் வந்துவிட்டதாகவும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். "கரண்ட் வைக்காமலேயே எதற்குப் பணம்?" என்பது அவர் கேள்வி. சிகிச்சையைத் திட்டமிட்டதற்கு என்பதே அதற்கான பதில்.

அமெரிக்க மருத்துவர் சங்கம் 1966 முதல் வெளியிட்டுவரும் சி.பி.டி. குறியீடுகள், மருத்துவர் செய்த ஒவ்வொரு பணிக்கும் ஐந்து இலக்க எண் ஒன்றைத் தருகின்றன. எதற்காகச் செய்தார் என்பதை ஐ.சி.டி.-10 நோய்க் குறியீடு சொல்கிறது. கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றித் தரும் ஐ.எம்.ஆர்.டி. முறைக்கான திட்டமிடலுக்கு உரிய எண் 77301. சி.டி. ஸ்கேன் எடுப்பது, கட்டியையும் சுற்றியுள்ள உறுப்புகளையும் மருத்துவர் படத்தில் கோடிட்டுக் காட்டுவது, வேண்டிய கதிரளவைச் சொல்லிக் கணினியைப் பின்னோக்கிக் கணக்கிடச் செய்வது ஆகியவை பலரும் அறிந்த படிகள். அக்குறியீட்டின் வரையறை இவற்றோடு நில்லாமல், 'கதிரளவு–கன அளவு வரைபடம்' ஒன்றும் இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்கிறது. நான் பெரிதும் வியப்பது இந்த வரைபடத்தைத்தான்.

காதுக்கு முன்னால் உள்ள பரோடிட் என்னும் உமிழ்நீர்ச் சுரப்பியை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவு ஏறத்தாழ 25 கன சென்டிமீட்டர் என்று கொண்டு, 2.5 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாகப் பிரித்தால் சுமார் 1,600 துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு துண்டும் சிகிச்சை முடியும்போது எத்தனை கிரே (கதிரளவின் அலகு) கதிர் பெற்றிருக்கும் என்று கணினி கணக்கிடுகிறது. பிறகு, 10 கிரேயோ அதற்கு மேலோ பெறுபவை எத்தனை சதவீதம், 20 கிரேயோ அதற்கு மேலோ பெறுபவை எத்தனை சதவீதம் என்று வரிசையாகக் கேட்டு, விடைகளைப் புள்ளிகளாக வைத்து இணைத்தால், 100 சதவீதத்தில் தொடங்கி ஒருபோதும் மேலேறாத ஒரு வளைகோடு உருவாகும். கட்டிக்கான கோடு, நிர்ணயித்த 70 கிரே வரை மட்டமாகச் சென்று செங்குத்தாக விழ வேண்டும். சுரப்பிக்கான கோடோ எவ்வளவு சீக்கிரம் சரிகிறதோ அவ்வளவு நல்லது.

இதன் அழகு என்னவென்றால், 100 சதவீதத்தை 1 என்று கொண்டால், வளைகோட்டுக்குக் கீழுள்ள பரப்பே அவ்வுறுப்பு பெறும் சராசரிக் கதிரளவாகும். பாதிச் சுரப்பி 10 கிரேயும் மறுபாதி 40 கிரேயும் பெறுவதாகக் கொண்டால், கோடு 10 வரை முழு அளவிலும், அங்கிருந்து 40 வரை பாதி அளவிலும் செல்லும். பரப்பு 10-உடன் 15 சேர்ந்து 25, சராசரியும் அதே 25. பரோடிட் சுரப்பிகளுக்கு இந்தச் சராசரிதான் முக்கியம். அது சுமார் 25 கிரேயைத் தாண்டாவிட்டால், உமிழ்நீர் நிலையாக வற்றிப்போகும் ஆபத்து பெரிதும் குறைகிறது. தண்டுவடத்தின் நிலை வேறு. அதில் ஒரு சிறு பகுதி கெட்டாலும் அதற்குக் கீழே உணர்வும் இயக்கமும் போய்விடக்கூடும் என்பதால், அங்கே சராசரியை விட்டுவிட்டு, கோட்டின் வால் நுனி 45 கிரே அளவுக்குள் முடிந்துவிடுகிறதா என்று பார்க்கிறார்கள். ஆனால் அதிகக் கதிர் உறுப்பின் எந்த இடத்தில் விழுகிறது என்பதை இந்தக் கோடு சொல்வதில்லை. ஆகவே மருத்துவர் ஒவ்வொரு ஸ்கேன் படத்தையும் தனித்தனியாகப் பார்த்த பிறகே கையொப்பமிட வேண்டும்.

இத்தனை உழைப்பால் பயன் உண்டா என்பதைப் பிரிட்டனில் நடந்த பார்ஸ்போர்ட் ஆய்வு காட்டியது. ஓராண்டுக்குப் பின் குறிப்பிடத்தக்க வாய் வறட்சி இருந்தவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், ஐ.எம்.ஆர்.டி.யில் 38 சதவீதம் என்று 2011-இல் முடிவு வெளியானது. பங்கேற்ற நோயாளிகள் 94 பேர் மட்டுமே. பணம் தந்தது ஒரு தொண்டு நிறுவனம். இரண்டு சிகிச்சைகளை நேருக்கு நேர் ஒப்பிடும் இத்தகைய ஆய்வுகளுக்கு அரசுகள் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கருவி விற்பவர்களை மட்டும் நம்பி இதை விட்டுவிட முடியாது.

இனி பில்லுக்கு வருவோம். மருத்துவரின் பணிக்கு 26 என்ற பின்குறியீட்டோடு ஒரு பில்லும், கருவிக்கும் ஊழியருக்கும் மருத்துவமனையிலிருந்து இன்னொரு பில்லும் வருவது இயல்பு. அதை இரட்டை வசூல் என்று கொள்ள வேண்டியதில்லை. கதிர்க்கற்றைக்கு வடிவம் தரும் உலோகத் தகடுகளின் அமைப்புக்கான 77338, கற்றைகள் எத்தனை இருந்தாலும் ஒரு திட்டத்துக்கு ஒரு முறைதான் வர வேண்டும். நோயாளியைப் படுக்கவைத்து நிலையைத் தீர்மானிக்கும் சிமுலேஷனுக்கான 77290, அது அந்தத் திட்டத்தின் பகுதியாகச் செய்யப்பட்டிருந்தால், முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேரின் விதிப்படி 77301-இலேயே அடங்கிவிடுகிறது; வேறொரு தேதியில் செய்திருந்தாலும் தனியாகக் கேட்கக் கூடாது. அமெரிக்க சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018-இல் வெளியிட்ட தணிக்கையில், மாதிரியாக எடுத்த 100 பதிவுகளிலும் இதைத் தனியாகக் கேட்டுப் பணம் பெற்றிருந்தது தெரியவந்தது. எனவே வாசகரின் அண்ணன் மகன், குறியீடு வாரியாகப் பிரித்த பில்லைக் கேட்டு வாங்கி, 77301-உடன் 77290-உம் இருக்கிறதா, 77338 ஒரு திட்டத்துக்கு ஒரு முறைக்கு மேல் வந்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம்.