திருட்டுப் பணத்துக்கும் வரி கட்ட வேண்டுமா?

தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 2020 பொதுமுடக்கத்தில் மார்ச் 27 முதல் ஆகஸ்ட் பாதி வரை சிகரெட் விற்கவே தடை இருந்ததல்லவா, அப்போது எங்கள் தெருவில் ஒருவர் பின்வாசல் வழியாகப் பாக்கெட்டுகளைக் கொள்ளை விலைக்கு விற்று நன்றாகச் சம்பாதித்தார், அந்தப் பணத்துக்கு அவர் வரி கட்ட வேண்டுமா, கட்டப்போனால் மாட்டிக்கொள்ள மாட்டாரா என்று.

கட்ட வேண்டும். இதில் சந்தேகமே இல்லை. தென்னாப்பிரிக்காவின் 1962ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் ஒருவர் கைக்கு வந்த மொத்தத் தொகையைத்தான் பார்க்கிறது. அது நல்ல வழியில் வந்ததா, கெட்ட வழியில் வந்ததா என்று எங்கும் கேட்பதில்லை. இந்தக் கேள்வி இங்கே முன்பு எழுந்ததும் ஒரு சிகரெட் கம்பெனியால்தான். டெலகோவா பே சிகரெட் கம்பெனி பாக்கெட்டுக்குள் பரிசுக் கூப்பன் வைத்து, உள்ளே இருந்த சரக்கின் மதிப்பைவிடப் பல மடங்கு விலைக்கு விற்றது, கிட்டத்தட்ட லாட்டரிதான். தொழில் சட்டப்படி நடந்ததா இல்லையா என்பது வரிக்குப் பொருட்டில்லை என்று 1918இல் டிரான்ஸ்வால் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்காவும் இதே பாதையில்தான் போனது. அங்கே 1913ஆம் ஆண்டுச் சட்டம் சட்டப்படி நடக்கும் தொழிலின் வருமானத்துக்கு மட்டும் வரி என்றது, 1916இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். கள்ளச் சாராய வருமானத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்று 1927இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 1931இல் அல் கபோன் 11 ஆண்டு சிறைக்குப் போனது வரி ஏய்ப்புக்காக.

சரி, விற்றவருக்கு வரி உண்டு. ஏமாற்றி வாங்கிய பணத்துக்கு? கடன் வாங்கினால் வரி இல்லை, ஏனென்றால் திருப்பித் தர வேண்டிய பணம் வருமானம் ஆகாது. மோசடிக்காரரும் சட்டப்படி திருப்பித் தரத்தானே வேண்டும், அப்படியானால் அவர் வாங்கியதும் கடன் மாதிரிதானே என்று வாதாடலாம், வாதாடியும் இருக்கிறார்கள். வாண்டர்பைல்பார்க் பக்கம் மரிட்சி பிரின்ஸ்லூ என்ற பெண்மணி நடத்திய பிரமிடு திட்டம் 2002இல் சரிந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களின் பணத்தை எடுத்துப் பழையவர்களுக்கு வட்டி கொடுக்கும் அதே பழைய வித்தைதான். 2007இல் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பணத்தை வாங்கும்போதே தனக்கென்று வைத்துக்கொள்ளும் எண்ணத்தோடுதான் வாங்கினார்கள், திருப்பிக் கொடுக்கும் கடமை சட்டத்தில் இருப்பது அந்த எண்ணத்தை மாற்றாது, ஆகவே அது வருமானம் என்றது. கடன் வாங்குபவருக்கும் மோசடிக்காரருக்கும் உள்ள வேறுபாடு மனதில் இருக்கிறது என்று ஒரு வரி வழக்கு சொல்வது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். டர்பனின் ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் பணத்தை இரட்டிப்பாக்கும் பூஜை செய்கிறேன் என்று கிழவிகளின் பென்ஷன் பணத்தை வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கும் இதே விதிதான். அவர்கள்மேல் எனக்குள்ள கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எந்தப் பூஜையும் எந்தத் தகடும் ராண்டைப் பெருக்காது, சாமி பெயரைச் சொல்லி யார் பணம் கேட்டாலும் கதவைச் சாத்துங்கள்.

இதெல்லாம் சட்டம். எனக்கு நிஜமாகவே வியப்பாக இருப்பது, ரசீதும் வங்கிப் பதிவும் இல்லாத பணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான். நாட்டின் வரித் துறையான சார்ஸின் அதிகாரி அந்தச் சிகரெட்காரர் விற்றதைப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவையும் இல்லை. ஒரு தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு ஊற்றினார்கள் என்று தெரியாவிட்டாலும் நேற்றைய மட்டம், இன்றைய மட்டம், இடையில் குழாயில் போனது மூன்றும் தெரிந்தால் ஊற்றியதைக் கணக்குப் போட்டுவிடலாம் அல்லவா, அதே கணக்குத்தான்.

ஒரு கற்பனை ஆளை எடுத்துக்கொள்வோம். இங்கே வரி ஆண்டு பிப்ரவரி கடைசியில் முடிகிறது. ஆண்டுத் தொடக்கத்தில் அவருக்கு வீடு 9,00,000 ராண்ட், பழைய கார் 1,50,000, வங்கியில் 20,000, வீட்டுக் கடன் 6,00,000. கடனைக் கழித்தால் நிகரச் சொத்து 4,70,000. ஆண்டு முடிவில் அதே வீடு, அதே கார், கூடவே 7,50,000க்கு ஒரு புது பேக்கி (பின்பக்கம் சரக்கு ஏற்றும் சிறு வண்டி), வங்கியில் 60,000, வீட்டுக் கடனோ 3,50,000 ஆகக் குறைந்திருக்கிறது. நிகரம் 15,10,000. ஒரே ஆண்டில் 10,40,000 கூடியிருக்கிறது. சாப்பாடு, பள்ளிக் கட்டணம், மின்சாரம், ஊர் போய் வந்த டிக்கெட் என்று வீட்டுச் செலவு 2,60,000. ஆக மொத்தம் 13,00,000 எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். அவர் காட்டிய வருமானம் வரி போக 2,80,000, அண்ணன் உயிலில் விட்டுப்போனது 1,00,000. மிச்சம் 9,20,000 எங்கிருந்து வந்தது?

இதில் சின்னச் சின்ன அழகுகள் இருக்கின்றன. வீட்டை வாங்கிய விலையிலேயே வைக்கிறார்கள், சந்தை விலையில் அல்ல. விலை ஏறியதால் யார் கைக்கும் பணம் வரவில்லையே. பேக்கியைக் கடனில் வாங்கியிருந்தால் சொத்தும் கடனும் ஒரே அளவு ஏறி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், கணக்கில் எதுவும் தெரியாது, அதுதான் சரியும்கூட. ஆனால் கள்ளப் பணத்தைச் சத்தமில்லாமல் வீட்டுக் கடனில் கட்டி ஒளித்துவிட்டதாக நினைப்பவர் இங்கே தப்ப முடியாது, கடன் குறைந்தால் நிகரம் ஏறிவிடும். பணம் எந்த உருவத்துக்கு மாறினாலும் இரண்டு மட்டங்களுக்கும் செலவுக்கும் நடுவில் எங்கேயாவது அகப்பட்டுவிடுகிறது. மனைவி பெயரிலும் மகன் பெயரிலும் வாங்கினால்? அதற்காகத்தான் குடும்பத்தின் கணக்கையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

ஓட்டை ஒன்று உண்டு, தொடக்க மட்டம். பாட்டி தகரப்பெட்டியில் வைத்திருந்த ரொக்கம் ஐயா, ஆண்டுத் தொடக்கத்திலேயே வீட்டில் இருந்தது என்று ஒருவர் சொன்னால் மொத்தக் கணக்கும் ஆடிப்போகும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் ஹாலண்ட் தம்பதி வழக்கில் இந்த முறையை ஏற்றுக்கொண்டபோதே, தொடக்கச் சொத்தை ஓரளவு உறுதியாக நிறுவ வேண்டும், அவர் சொல்லும் விளக்கத்தை விசாரித்துப் பார்க்க வேண்டும் என்று எச்சரித்தது. அதனால் நல்ல தணிக்கையாளர் பேக்கியைப் பற்றிக் கேட்கும் முன்பே, போன வருடம் வீட்டில் ரொக்கம் எவ்வளவு இருந்தது என்று கேட்டு எழுதி வாங்கிவிடுவார்.

தென்னாப்பிரிக்காவில் சார்ஸின் கை இன்னும் ஓங்கியது. வரி நிர்வாகச் சட்டப்படி இப்படி மதிப்பிட்டுக் கணக்கு அனுப்பலாம், அது வருமானம் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வரி கட்டுபவருடையது. குற்ற வழக்கில் அரசு ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், இங்கே அந்தச் சுமை இடம் மாறிவிடுகிறது. மோசடியோ மறைப்போ இருந்தால் பழைய கணக்கை மறுபடி திறக்க உள்ள மூன்று வருடக் காலவரம்பும் பொருந்தாது. வேண்டுமென்றே ஏய்த்தது என்று தெரிந்தால் விடுபட்ட வரியின்மேல் 150 விழுக்காடு அபராதம், மறுபடியும் செய்தாலோ விசாரணையைத் தடுத்தாலோ 200.

மாட்டிக்கொள்வாரா என்ற கேள்விக்கு வருகிறேன். என்னையே காட்டிக்கொடுப்பதாகும் என்று சொல்லிச் சார்ஸுக்குப் பதில் தராமல் இருக்க முடியாது, ஆனால் பதிலில் அவர் ஒப்புக்கொண்ட குற்றத்தை, தகுதியுள்ள நீதிமன்றம் உத்தரவிட்டால் தவிர, குற்ற வழக்கில் அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. வரிக் கோப்பை அதிகாரி நினைத்த மாத்திரத்தில் போலீசிடம் தூக்கிக் கொடுக்கவும் முடியாது. கடுமையான குற்றம் என்றால் நீதிபதியிடம் அனுமதி வாங்க வேண்டும். வரி கட்டிவிட்டதால் தொழில் சட்டப்படி ஆகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். செலவுகளைக் கழிக்கலாமா? சரக்கு வாங்கிய காசைக் கொள்கை அளவில் கழிக்கலாம், ஆனால் கடத்தல்காரர் யாருக்கு பில் போட்டுக் கொடுத்தார்? போலீஸ்காரருக்குக் கொடுத்த லஞ்சத்தையும் கட்டிய அபராதத்தையும் கழிக்கவே கூடாது என்று வருமான வரிச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

குற்றத்தில் அரசாங்கம் பங்கு கேட்கிறது என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒழுங்காக வரி கட்டிக் கடை நடத்துகிறவர் பக்கத்துத் தெருக் கள்ளக் கடையைவிட நஷ்டப்படுவதுதான் அநியாயம். ஆனால் பிரமிடு திட்டம் திவாலாகும்போது மிஞ்சிய சொத்தில் சார்ஸுக்கு முன்னுரிமை இருக்கிறது, ஏமாந்தவர்கள் அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. மோசடியில் பிடிபட்ட பணம் முதலில் பணம் போட்டவர்களுக்குப் போக வேண்டும், சட்டத்தை அப்படித் திருத்த வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேலே போட்ட கணக்கு ஐந்தாம் வகுப்புக் கூட்டல் கழித்தல்தான், ஆனால் அதற்கு வேண்டிய எண்களைப் பத்திரப் பதிவிலிருந்தும் வாகனப் பதிவிலிருந்தும் பள்ளி ரசீதிலிருந்தும் பொறுமையாகத் திரட்ட அனுபவமுள்ள ஆட்கள் வேண்டும். 2014க்குப் பிறகு சார்ஸில் அப்படிப்பட்டவர்கள் விரட்டப்பட்டார்கள், விசாரணைப் பிரிவுகள் கலைக்கப்பட்டன, நியூஜென்ட் விசாரணை ஆணையம் 2018இல் அந்தச் சேதத்தை விரிவாகப் பதிவு செய்தது. வரவு செலவுத் திட்டத்தில் எதை வெட்டினாலும் இந்த ஆட்களுக்கான சம்பளத்தை வெட்டக் கூடாது.

வாசகரின் தெருக்காரருக்கு ஒரு வழி இருக்கிறது. தணிக்கை அறிவிப்பு வருவதற்கு முன்பே தானாக முன்வந்து முழுக்கணக்கையும் சொல்லும் திட்டத்தில் விண்ணப்பித்தால் அந்த 150 விழுக்காடு அபராதம் 10க்கு இறங்கும், வரிக் குற்றத்துக்காக வழக்கும் போட மாட்டார்கள். வரியும் வட்டியும் முழுசாகக் கட்ட வேண்டும். தடையை மீறி விற்ற குற்றத்துக்கு இந்தத் திட்டம் பாதுகாப்புத் தராது, அதனால் விண்ணப்பிக்கும் முன் வரிச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்ப்பது நல்லது.