இரண்டு கனமான அணுக்களும் ஒரு குவளைத் தண்ணீரும்

சேலம் அஸ்தம்பட்டியைச் சேர்ந்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: நாள் தவறாமல் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன், கையிலுள்ள கடிகாரம் இத்தனை கலோரி எரிந்தது என்று கணக்குச் சொல்கிறது, இரவில் இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக்கொள்கிறேன், ஆனாலும் எடை குறையவில்லையே ஏன்? கேள்வியின் இரண்டாம் பகுதிதான் என்னை எழுதவைத்தது. அறிவியல் புனைகதைகளில் மருத்துவர் ஒரு கருவியை உடம்பின்மேல் காட்டியதும் எல்லாம் தெரிந்துவிடுகிறதே, நம் உடல் ஒரு நாளில் உண்மையில் எவ்வளவு எரிக்கிறது என்று சொல்லும் கருவி இன்னும் வரவில்லையா என்று அவர் கேட்கிறார்.

வந்துவிட்டது, 1955-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் அது கருவியாக அல்ல, குடிக்கும் தண்ணீராக வந்தது.

புனைகதை மருத்துவர்களைப் பற்றி முதலில் ஒரு குறை சொல்லிவிடுகிறேன். 1966-இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய ஸ்டார் டிரெக் தொடரின் மருத்துவர் மெக்காய் முதல் அண்மைக் காலப் படங்களின் இயந்திர மருத்துவர்கள் வரை, அவர்களுக்கு நோயை அறிவது ஒரு பார்வையில் முடிகிற வேலை. "இதைக் குடித்துவிட்டு இரண்டு வாரம் கழித்து வாருங்கள்" என்று அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை. அதே கதைகளில் ஒரு நாள் உணவு முழுவதையும் ஒரே மாத்திரையில் அடக்கித் தரும் வழக்கமும் உண்டு. உணவிலேயே மிகச் செறிவான எரிபொருள் கொழுப்பு, கிராமுக்கு 9 கிலோகலோரி. 2,000 கிலோகலோரி வேண்டுமென்றால் 222 கிராம் சுத்தமான கொழுப்பை உருட்டித்தான் அந்த மாத்திரையைச் செய்ய வேண்டும். எந்த நூற்றாண்டின் மருத்துவராலும் இதைச் சிறிதாக்க முடியாது.

இனி அந்தத் தண்ணீருக்கு வருவோம். உடலில் எரியும் கொழுப்பு பெரும்பாலும் மூச்சு வழியாகவே வெளியேறுகிறது: 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் அதில் ஏறத்தாழ 8.4 கிலோ கரியமில வாயுவாகவும் மீதி 1.6 கிலோ தண்ணீராகவும் போகிறது. ஆகவே ஒருவர் எவ்வளவு எரித்தார் என்று அறிய, அவர் எவ்வளவு கரியமில வாயுவை வெளிவிட்டார் என்று அறிந்தால் போதும். மூடிய அறையில் ஒருவரை உட்காரவைத்து அவருடைய மூச்சை அளக்கலாம், அளக்கிறார்கள்; ஆனால் அறைக்குள் அடைபட்டவர் சந்தைக்குப் போவதில்லை, மாடிப்படி ஏறுவதில்லை, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவதில்லை. அவரை அவர் போக்கில் விட்டுவிட்டு இரண்டு வார மூச்சைக் கணக்கிடுவது எப்படி?

தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனுக்கு டியூட்டீரியம் என்றும், ஆக்சிஜனுக்கு ஆக்சிஜன்-18 என்றும் கனமான வடிவங்கள் உண்டு. இவற்றுக்குக் கதிரியக்கம் கிடையாது. குழாய்த் தண்ணீரிலும் இவை இயல்பாகவே இருக்கின்றன. ஆக்சிஜன் அணுக்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ இரண்டு ஆக்சிஜன்-18 ஆகும். இவ்விரண்டும் செறிவூட்டப்பட்ட தண்ணீரைச் சிறிதளவு குடித்தால், சில மணி நேரத்தில் அது உடலிலுள்ள நாற்பது லிட்டர் அளவிலான நீரோடு ஒரே சீராகக் கலந்துவிடும். பின்னர் டியூட்டீரியத்துக்கு வெளியேற ஒரே வழிதான்: சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் என ஏதோ ஒரு வடிவில் தண்ணீராகவே போக வேண்டும். ஆக்சிஜன்-18 அப்படியும் போகும், கரியமில வாயுவாகவும் போகும். எனவே சிறுநீர் மாதிரிகளில் ஆக்சிஜன்-18 சற்று விரைவாகக் குறைந்துகொண்டே வரும். இரண்டும் குறையும் வேகங்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டிலிருந்து, அவர் வெளிவிட்ட கரியமில வாயுவின் அளவு கிடைத்துவிடும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்த கேள்வி ஒன்று உண்டு. குடித்த தண்ணீரின் ஆக்சிஜன் மூச்சில் விடும் கரியமில வாயுவுக்குள் எப்படிப் போனது? நாம் இழுக்கும் ஆக்சிஜனே கரியமில வாயுவாகத் திரும்புகிறது என்று பலரும் எண்ணுகிறோம். அப்படியல்ல, இழுத்த ஆக்சிஜன் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் ஹைட்ரஜனோடு சேர்ந்து தண்ணீராகிவிடுகிறது. கரியமில வாயுவோ உணவின் கார்பனிலிருந்து பிறந்து இரத்தத்துக்கு வருகிறது. அங்கே சிவப்பணுக்களுக்குள் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி காத்திருக்கிறது. நடுவில் ஒரே ஒரு துத்தநாக அணுவை வைத்துக்கொண்டு, கரியமில வாயுவையும் தண்ணீரையும் இணைத்துப் பைகார்பனேட் ஆக்குவதும், நுரையீரலில் அதையே மீண்டும் பிரிப்பதும் அதன் வேலை. இதை ஒரு மூலக்கூறு ஒரு விநாடியில் பத்து லட்சம் முறை வரை செய்யக்கூடியது. பைகார்பனேட்டில் மூன்று ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. அது பிரியும்போது எந்த ஆக்சிஜன் கரியமில வாயுவோடு வந்தது, எந்த ஆக்சிஜன் தண்ணீருக்குச் சொந்தமானது என்ற பாகுபாடு வேதியியலுக்குக் கிடையாது; மூன்றில் இரண்டு வாயுவோடு போகும், ஒன்று தண்ணீரில் தங்கும். இந்தச் சேர்க்கையும் பிரிவும் ஓயாமல் நடப்பதால், நாம் விடும் கரியமில வாயுவின் ஆக்சிஜன் நம் உடல்நீரின் ஆக்சிஜனாகவே ஆகிவிடுகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நேதன் லிஃப்சனும் அவருடைய குழுவினரும் இதை 1949-இல் கண்டறிந்தார்கள். அதையே அளவுகோலாக்கி 1955-இல் எலிகளில் அளந்து காட்டினார்கள். ஆக்சிஜன்-18-இன் விலை மனிதர்களுக்குக் கட்டுப்படியாகாததால், அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானிகள் நுட்பமாகிச் சிறிய அளவே போதும் என்ற நிலை வரும்வரை காத்திருந்து, 1982-இல்தான் மனிதர்களிடம் இம்முறை கையாளப்பட்டது.

சேலத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் ஒருவருக்கு எவ்வளவு வியர்த்தாலும், வியர்வையில் இரண்டு அணுக்களும் சேர்ந்தே போவதால் கணக்கு அடிப்படையில் கெடாது. ஆனால் குடிக்கும் நீரின் ஊற்று மாறினால் கெடும். மேகம் மலையேறும்போது கனமான நீர் முதலில் மழையாக விழுந்துவிடுவதால், உயரமான இடத்து மழைநீரில் கனமான அணுக்கள் குறைவு. நீர்த்தேக்கத்தில் வெயில் பட்டுக் கிடக்கும் நீரிலோ, இலேசான நீர் முதலில் ஆவியாகிவிடுவதால், கனமானவை கூடும். சேலம் மாநகரில் மேட்டூர்க் காவிரி நீரைக் குடித்துவந்தவர், அளவீட்டின் நடுவே ஏற்காட்டுக்குப் போய் மலையூற்று நீரைப் பத்து நாள் குடித்தால், அவருடைய சிறுநீரின் அடிப்படை அளவே நகர்ந்துவிடும். ஆய்வாளர்கள் பங்கேற்பாளரிடம் "வெளியூர்ப் பயணம் உண்டா?" என்று கேட்பது இதற்காகத்தான். மாதிரிப் புட்டியின் மூடியைத் தளர விட்டாலும் இதே கதைதான். உள்ளே ஆவியாதல் நடந்து எண்கள் பொய் சொல்லும்.

இம்முறை வந்தபின் தெரிந்த செய்திகள் பலருக்குக் கசப்பானவை. எவ்வளவு குறைத்து உண்டாலும் இளைக்கவில்லை என்று கூறிய பருமனானவர்களை அளந்து 1992-இல் வெளியான ஆய்வில், அவர்களுடைய உடல் எரிக்கும் அளவு எதிர்பார்த்தபடியே இருந்தது. தாங்கள் உண்டதைத்தான் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்னிக்குத் தாளித்த எண்ணெயும், தட்டுவடை செட்டும், பேரன் மிச்சம் வைத்த தோசையும் யார் நினைவில் நிற்கின்றன? 2012-இல் தான்சானியாவின் ஹாட்சா மக்களை அமெரிக்க மானிடவியலாளர் ஹெர்மன் பான்ட்ஸரின் குழு அளந்தபோது, வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் நாள்தோறும் பல கிலோமீட்டர் நடக்கும் அவர்கள், உடல் அளவைக் கணக்கில் கொண்டால், மேலைநாட்டவர் எரிக்கும் அளவையே எரிப்பது தெரிந்தது. உழைப்பு கூடும்போது உடல் வேறு செலவுகளைச் சுருக்கிக்கொள்கிறது என்பது பான்ட்ஸரின் விளக்கம். இதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. அதே குழுவினர் பல நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2021-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் அளவீடுகளைத் தொகுத்தபோது, 20 வயது முதல் 60 வரை எரிப்பு வேகம் ஏறக்குறைய மாறுவதில்லை என்பதும் தெரிந்தது. நாற்பது தாண்டினால் உடம்பு மந்தமாகிவிடும் என்பது வெறும் சமாதானம்.

நடைக்கும் ஒரு கணக்குப் போடலாம். 70 கிலோ எடையுள்ளவர் சேர்வராயன் மலையில் செங்குத்தாக 1,000 மீட்டர் உயரம் ஏறினால், புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை 164 கிலோகலோரி. தசைகள் எரிபொருளில் கால் பங்கையே வேலையாக மாற்றுவதால், செலவு ஏறத்தாழ 650. அதாவது 72 கிராம் எண்ணெய். மேலே போய் ஏரிக்கரையில் இரண்டு தட்டு பஜ்ஜி சாப்பிட்டால் அதில் பெரும்பகுதி திரும்பிவிடும். நடையை விட்டுவிடச் சொல்லவில்லை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அது நல்லது. எடைக்கணக்கில் கடிகாரத்தை நம்பி ஒரு தோசையைக் கூட்டிக்கொள்ள வேண்டாம் என்பதே என் பதில்.

"இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியை அச்சிட்டு, கொழுப்பைக் கரைக்கும் பொடி என்று விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். கொள்ளு நல்ல பயறு; அது எரிப்பைக் கூட்டுகிறதா என்பது இந்தத் தண்ணீர் முறையில் சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வி. சோதிக்காமல் விற்பதுதான் மோசடி.

பெங்களூருவில் செயின்ட் ஜான்ஸ் ஆய்வு நிறுவனம் நிலையான ஐசோடோப்புகளை, அதாவது இவற்றைப் போன்ற கதிரியக்கமில்லாத அணு வடிவங்களைக் கொண்டு ஊட்டச்சத்து ஆய்வுகள் செய்துவருகிறது. அத்தகைய அளவீடுகளுக்குத் தமிழ்நாட்டிலும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விசைத்தறியில் இரவுப் பணி பார்ப்பவர், செவ்வாய்ப்பேட்டையில் நாள் முழுதும் குனிந்து கொலுசு பற்றவைப்பவர், ஏற்காட்டுச் சரிவில் கூடையோடு காபிப் பழம் பறிப்பவர் ஆகியோரின் உடல் எவ்வளவு எரிக்கிறது என்று தெரியாமல், அவர்களுக்கான உணவுப் பரிந்துரையை எந்தத் துணிவில் எழுதுவது? நிறமாலைமானியை இங்கேயே நிறுவவும் வேண்டியதில்லை. மூடி இறுகிய சிறு புட்டிகளில் மாதிரிகளை உறையவைத்து அனுப்பினால் போதும், செலவில் பெரும்பங்கு அந்த ஆக்சிஜன்-18 தண்ணீருக்குத்தான்.