ஒன்டாரியோவில வீட்டில கஞ்சாக்கண்டு: நாலு எண்டது வீட்டுக்கு, ஆளுக்கு இல்லை

2018 ஒக்டோபர் 17 இல இருந்து கனடாவில கஞ்சா சட்டபூர்வம், அது எல்லாருக்கும் தெரியும், ஆனா வீட்டில வளக்கிறதைப் பற்றி எங்கட ஆக்களுக்குள்ள இருக்கிற குழப்பம் இன்னும் போகேல்ல. என்னட்டக் கேக்கிற கனபேர் ஆளுக்கு நாலு கண்டு எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம். இல்லை, ஒரு வீட்டுக்கு மொத்தமா நாலு. அப்பா, அம்மா, 19 தாண்டின பிள்ளையள் ரெண்டு பேர் இருந்தாலும் நாலுதான், 16 இல்லை.

ஒன்டாரியோவில வளக்கிற ஆளுக்கு 19 வயசாவது ஆகியிருக்க வேணும், சொந்தப் பாவனைக்கு மட்டும்தான் வளக்கலாம். வாடகைக்கு இருந்தா லீஸைப் பாருங்கோ, கொண்டோ எண்டுற அடுக்குமாடி வீடு எண்டா அதின்ர ரூல்ஸைப் பாருங்கோ, அதில தடை இருந்தா ஒரு கண்டும் வைக்கேலாது. ஸ்காபரோவில பேஸ்மென்றில இருக்கிற ஆக்கள் வீட்டுக்காரரோட முதலே கதைச்சு, முடிஞ்சா எழுத்தில வாங்கி வைக்கிறது நல்லது. கியூபெக்குக்கு வீடு மாறிப்போற ஆக்கள் கண்டைக் கொண்டுபோற யோசினையை விடுங்கோ, அங்க வீட்டில வளக்கிறதே தடை, உச்ச நீதிமன்றமும் 2023 இல அந்தத் தடை செல்லும் எண்டு சொல்லிப்போட்டுது.

இனி விதை. ஓசிஎஸ் எண்டுற ஒன்டாரியோ கனபிஸ் ஸ்டோரில, இல்லாட்டி லைசன்ஸ் உள்ள கடையில வாங்கின விதைதான் செல்லும். வெளிநாட்டில இருந்து தபாலில எடுப்பிக்கிறது குற்றம், பக்கெற் எவ்வளவு வடிவா இருந்தாலும் சரி.

பக்கெற்றில ஃபெமினைஸ்ட் எண்டு போட்டிருந்தா, கிட்டத்தட்ட எல்லா விதையும் பெண் கண்டாத்தான் வரும். சாதாரண விதையில பாதி ஆணா வந்திடும், ஆண் கண்டின்ர மகரந்தம் பட்டா பெண் கண்டின்ர பூவெல்லாம் விதை பிடிச்சு வீணாப்போகும். ஆனா கணக்கில ஆண், பெண் எண்ட பிரிவு இல்லை, சின்னதோ பெரிசோ கண்டு கண்டுதான். மிளகாய்க்கண்டு மாதிரி ஒரு பிடி விதையைத் தூவி, நல்லதை விட்டிட்டு மிச்சத்தைப் பிடுங்குவம் எண்டு நினைச்சா, முளைச்ச அண்டைக்கே நாலைத் தாண்டியிடும். அதாலதான் நாலு கண்டுக் கணக்குக்கு ஃபெமினைஸ்ட் விதை தோது எண்டு சொல்லுறன். எண்டாலும் இலைக்காம்பு தண்டோட சேருற மூட்டைக் கிட்டப்போய்ப் பாருங்கோ: ரெண்டு வெள்ளை மயிர் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தா பெண், குட்டி உருண்டை மாதிரித் தொங்கினா ஆண். இருட்டு நேரத்தில வெளிச்சம் பட்டுக்கொண்டிருந்தா ஃபெமினைஸ்ட் கண்டும் சிலவேளை ஆண் பூ வைக்கும்.

பக்கெற்றில ஹைபிரிட் எண்டு போட்டிருந்தா, இன்டிகா, சற்றீவா எண்டுற ரெண்டு கஞ்சா வகையும் கலந்தது, இப்ப கடையில விக்கிறது முக்கால்வாசி அதுதான். பின் வளவில வைக்கிற ஆக்கள் பூத்து முடிய எத்தனை கிழமை எண்டதை மட்டும் பக்கெற்றில பாத்து வாங்குங்கோ. இங்க ஓகஸ்டில பகல் சுருங்கத்தான் கண்டு பூக்கத் தொடங்கும், பத்துப் பன்னெண்டு கிழமை எடுக்கிறது எண்டா ஒக்டோபர்ப் பனியில பூ அழுகிப்போகும்.

கனபேருக்குத் தெரியாத ஒண்டு, பூ வைச்ச கண்டைப் பொது இடத்தில வைச்சிருக்கிறது குற்றம். செப்டெம்பரில வீடு மாறுற ஆக்கள் கவனம். வீட்டுக்கு வெளியில காய்ஞ்ச கஞ்சா 30 கிராம்தான் வைச்சிருக்கலாம், சட்டத்தில ஒரு விதை ஒரு கிராமுக்குச் சமன், அப்பிடிப் பாத்தா 30 விதை. வயசு வந்த சிநேகிதருக்கு 30 கிராம் வரைக்கும் சும்மா குடுக்கலாம், ஒரு டொலர் வாங்கினாலும் அது வியாபாரம்.

எனக்கு உண்மையாப் பயம் பிஆரில, அதாவது சிட்டிசன் எடுக்காம நிரந்தர வதிவுரிமையில இருக்கிற பிள்ளையளை நினைச்சுத்தான். ஒண்டு ரெண்டு கண்டு கூடினா தண்டப்பண ரிக்கெற்றோட போகலாம், அதுக்கு மேல போய்க் குற்ற வழக்காகினா ஆகக்கூடிய தண்டனை 14 வருசம். பத்து வருசமோ அதுக்கு மேலயோ தண்டனை குடுக்கக்கூடிய குற்றத்தில குற்றவாளி எண்டு தீர்ப்பு வந்தா, தீர்ப்பில மறியல் இல்லாட்டிலும் குடிவரவுச் சட்டப்படி பிஆரையே இழந்து நாட்டை விட்டுப் போகவேண்டி வரலாம். சிட்டிசன் எடுத்த ஆக்களுக்கு இந்த ஆபத்து இல்லை, அதால அவையள் சொல்லுறதைக் கேட்டு ஆறாவது ஏழாவது கண்டை வைச்சிடாதேங்கோ.

விதை வாங்கின ரசீதையும் பக்கெற்றையும் எறியாம வையுங்கோ. யாரும் வந்து கேட்டா விதை எங்க வாங்கினது எண்டு காட்ட அதுதான் கையில இருக்கும்.