அண்மை அகச்சிவப்பு: எதற்கு அண்மை?

“தொலைதூர விண்மீன் திரள்களை அருகிலுள்ள அகச்சிவப்பு நிறமாலை மூலம் ஆராய்கிறார்கள்.” ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பற்றித் தமிழில் வரும் செய்திகளில் இந்த மாதிரி வாக்கியம் வந்துகொண்டே இருக்கிறது. தொலைவில் இருப்பதை அருகில் இருப்பதால் எப்படி ஆராய்வது என்று எழுதியவருக்கே தோன்றியிருக்க வேண்டும். இன்னும் சிலர் ‘கிட்டத்தட்ட அகச்சிவப்பு’ என்கிறார்கள். அது அகச்சிவப்பா இல்லையா?

ஆங்கிலத்தில் இது நியர்-இன்ஃப்ராரெட். ‘இன்ஃப்ரா’ இலத்தீன் சொல், ‘கீழே’ என்று பொருள். 1800-இல் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகம் பிரித்த ஒளியில் சிவப்பைத் தாண்டி வெப்பமானியை வைத்தபோது, ஒன்றுமே தெரியாத அந்த இடத்தில் பாதரசம் ஏறியது. அதிர்வெண்ணில் அது சிவப்புக்குக் கீழே. ‘அகம்’ என்பதில் இந்தக் கீழே இல்லை. இலங்கைப் பாடநூல்களின் ‘செந்நிறக்கீழ்’ இதைவிடத் துல்லியம். ஆனாலும் அகச்சிவப்பு ஊன்றிவிட்டது, இருக்கட்டும். என் சண்டை அதன் முன்னொட்டோடுதான்.

‘நியர்’ இங்கே நமக்கு அருகில் என்பதல்ல, நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்கு அருகில். சுமார் 0.75 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அலைநீளத்தில் சிவப்பு முடிகிறது, அங்கிருந்து 2.5 மைக்ரான் வரைக்கும், வானியலாளர் கணக்கில் 5 வரைக்கும் உள்ள பகுதி இது. வெப் தொலைநோக்கியில் இதற்கென்றே இருக்கும் நிறமாலைக் கருவி நியர்ஸ்பெக். முடி அளவுக் கதவுகள் சுமார் இரண்டரை லட்சம் அதில் இருக்கின்றன, வேண்டியதை மட்டும் திறந்து ஒரே நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட திரள்களின் ஒளியைப் பிரிக்கலாம். இந்தப் பகுதி ஏன் வேண்டும் என்றால், அண்டம் விரிவதால் பழைய ஒளியின் அலைநீளமும் நீண்டுவிடுகிறது. நிறமாலையில் ஹைட்ரஜனை அடையாளம் காட்டும் லைமன்-ஆல்ஃபா கோடு கிளம்பும்போது 0.1216 மைக்ரான், சுத்தமான புற ஊதா. இந்த நீட்சியின் அளவுக்குச் செம்பெயர்ச்சி என்று பெயர், அதோடு ஒன்றைக் கூட்டினால் எத்தனை மடங்கு என்று தெரியும். செம்பெயர்ச்சி 14 என்றால் 15 மடங்கு நீண்டு 1.8 மைக்ரானுக்கு வந்துவிடும், அதாவது நியர்ஸ்பெக்கின் பகுதிக்குள்.

இப்போது ‘அருகிலுள்ள’வுக்கு எதிர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள், அங்கேதான் பெரிய விபத்து. பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுகளுக்குள் இருந்த ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற திரளில் ஆல்மா தொலைநோக்கி ஆக்சிஜனைக் கண்டது. அந்தக் கோடு கிளம்பிய அலைநீளம் 88 மைக்ரான், அதாவது சிவப்பிலிருந்து வெகுவாகத் தள்ளியிருக்கும் ஃபார்-இன்ஃப்ராரெட். இதைத் ‘தொலைதூர அகச்சிவப்புக் கோடு’ என்று எழுதினால், தொலைவிலிருந்து வந்த கோடு என்றுதான் எவரும் படிப்பார்கள். அதுவும் உண்மைதான் என்பதால் தவறு நடந்ததே தெரியாது! படித்தவர் எதையோ புரிந்துகொண்டோம் என்ற நினைப்பில் போய்விடுவார். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

தமிழில் இதற்குப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதே இல்லை. ‘இவன்’ அண்மைச் சுட்டு, ‘அவன்’ சேய்மைச் சுட்டு என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம், விளியிலும் அண்மை விளி, சேய்மை விளி உண்டு. ஒன்றை வகைப்படுத்தவே அமைந்த இணை இது. அண்மை அகச்சிவப்பு, இடை அகச்சிவப்பு, சேய்மை அகச்சிவப்பு என்றால் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன, பெயர் என்பதும் உடனே தெரிகிறது. ‘அருகிலுள்ள’ பெயராகாது. அருகிலுள்ள கடை என்கிற மாதிரி அது இடத்தைச் சொல்லும், அவ்வளவுதான்.

அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டும் பழக்கம் இந்த ஒரு சொல்லோடு நிற்பதில்லை. எல்லா விண்மீன் திரளையும் ‘பால்வெளி’ என்கிறார்கள், பால்வெளி நாம் இருக்கும் திரளின் பெயர். கேட்டால், எளிமைக்காக என்கிறார்கள். வாசகர் வேறொன்றைப் புரிந்துகொண்டால் அதில் எளிமை எங்கே இருக்கிறது?

அப்புறம், இலக்கணப்படி ‘அண்மையகச்சிவப்பு’ என்று சேர்த்துத்தானே எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். புணர்ச்சி விதி சரிதான், ஆனால் அப்படி எழுதினால் ‘அண்மையக’ என்று ஒரு சொல் இருப்பதாகக் கண்ணுக்குப் படும். பிரித்தே எழுதுங்கள்.