கண்ணாடிப் பெட்டிக்குள் சூடு: சென்சார் எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா?

சிகிச்சை மேசையில் ஒரு பால் பைத்தானைத் (ball python, வீட்டில் வளர்க்கும் ஒரு மலைப்பாம்பு வகை) திருப்பிப் பார்த்தேன். அடிவயிற்றுச் செதில்கள் ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பேறி, ஓரங்களில் உரிந்திருந்தன. "ரெண்டு வாரமா சாப்பிடலை டாக்டர், வேற ஒண்ணும் இல்லை" என்றார் வளர்ப்பவர். ஹீட் மேட் (பெட்டிக்கு அடியில் வைக்கும், மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), தெர்மோஸ்டாட் (சூடு போதுமானதும் ஹீட்டரை அணைக்கும் கருவி), டிஜிட்டல் தெர்மாமீட்டர் என எல்லாவற்றையும் அவர் வாங்கி வைத்திருந்தார். போனில் இருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது. தெர்மோஸ்டாட்டின் சென்சார் ஒட்டிய இடத்திலிருந்து நழுவி, தண்ணீர்க் கிண்ணத்துக்குள் கிடந்தது. தண்ணீரின் குளிர்ச்சியைப் பெட்டியின் குளிர்ச்சி என்று எடுத்துக்கொண்ட கருவி, மேட்டை அணைக்கவே இல்லை.

"சுட்டால் நகர்ந்து போயிருக்காதா?" என்று அவர் கேட்டார். இந்தக் கேள்வியை எல்லோருமே கேட்கிறார்கள். அடியிலிருந்து ஏறும் கடுஞ்சூட்டை விட்டு விலகாமல் அப்படியே படுத்துக்கிடந்து வெந்துபோகும் ஊர்வனவற்றை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். பெட்டியின் மற்ற பகுதி குளிர்ந்து கிடந்தால் இன்னும் மோசம். அந்த ஒரே சூடான இடத்தை விட்டால் அதற்குப் போக வேறு இடம் இல்லை. மின்சாரத்தில் சூடாகும் செயற்கைப் பாறைகளை வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

'குளிர் ரத்தப் பிராணி' என்ற சொல் நம்மைத் தவறான பக்கம் கொண்டுபோகிறது. இவற்றுக்குக் குளிர் பிடிக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. உடலுக்கு வேண்டிய சூட்டை உள்ளே உண்டாக்கிக்கொள்ள முடியாமல் வெளியிலிருந்து எடுத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். உண்டது செரிக்க, நோயை எதிர்க்க, தோலில் வைட்டமின் டி3 உருவாக என எல்லாவற்றுக்கும் அந்தச் சூடு வேண்டும். உடல் குளிர்ந்திருக்கும் பாம்புக்கு இரை கொடுத்தால் அது வயிற்றிலேயே அழுகும். பல நேரம் வெளியே கக்கிவிடும். நாங்கள் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகூட, உடல் சரியான வெப்பத்தில் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதனால் நுரையீரல் தொற்றோடு வரும் பாம்புக்கு மருந்து எழுதும் முன்பே பெட்டியின் வெப்பநிலையைக் கேட்டுவிடுவேன்.

அப்போது "30 டிகிரி டாக்டர்" என்று ஒற்றை எண் பதிலாக வந்தால் எனக்குக் கவலை தொடங்கிவிடும். ஒரு பெட்டிக்குள் ஒரே வெப்பநிலை இருக்கக் கூடாது. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருந்தால்தான், விலங்கு தனக்கு வேண்டியதைத் தேடி நகரும். பால் பைத்தானுக்குச் சூடான முனை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த முனை 25 முதல் 27. பியர்டட் டிராகன் என்ற ஓணான் வகை வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 வரை போகலாம். ஆனால் மறுமுனை 25ஐ ஒட்டி இருக்க வேண்டும். கிரெஸ்டட் கெக்கோ என்ற பல்லியோ 28க்கு மேல் போனாலே தவிக்கும். ஒன்றுக்குச் சரியானது இன்னொன்றுக்கு ஆபத்து.

இதில் பலர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. ஒளிந்துகொள்ளும் மறைவிடம் இரண்டு முனையிலும் இருக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் வைத்தால், பயந்த விலங்கு வெப்பத்தைப் பார்க்காது, மறைவைத்தான் பார்க்கும். சூட்டில் தவித்தாலும் அங்கேயே கிடக்கும்.

கண்ணாடியில் ஒட்டும் வட்ட மீட்டரை நம்பாதீர்கள். விலங்கு படுக்கும் இடத்தின் சூட்டை அது காட்டுவதில்லை. தரைக்கும் கல்லுக்கும், தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் நல்லது, ஆனால் கதவைத் திறந்துதான் அளக்க வேண்டும். கண்ணாடி வழியாகப் பிடித்தால் கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த ஹீட்டரையும் பிளக்கில் சொருகாதீர்கள். ஹீட் மேட்டுக்குச் சாதாரண ஆன்-ஆஃப் வகை போதும். வெளிச்சம் தரும் பல்புக்கு, அணைத்து அணைத்துப் போடாமல் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகை வேண்டும். சென்சாரை மேட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில், நகர முடியாதபடி பொருத்துங்கள். பெட்டிக்கு உள்ளே செல்லோடேப் மட்டும் ஒட்டவே வேண்டாம்; பாம்பின் தோலில் அது ஒட்டிக்கொண்டு, பிய்க்கும்போது செதிலோடு வருவதைப் பார்த்திருக்கிறேன். மேட்டின் மேல், பெட்டியின் தரையில் பரப்பும் பொருளைக் கனமாகப் போட்டுவிட்டு, மேற்பரப்பின் சூட்டை மட்டும் அளப்பதும் ஏமாற்றும். பாம்பு தோண்டி அடிக் கண்ணாடியில் போய்ப் படுத்தால் அங்கே வெப்பம் வேறு. பெட்டிக்குள் தொங்கும் பல்புக்குக் கம்பிக்கூடு அவசியம். பாம்பு அதைச் சுற்றிக்கொள்ளும். இரவில் சிவப்பு பல்பு போடும் பழக்கத்தையும் விடுங்கள். அந்த வெளிச்சம் இவற்றுக்குத் தெரியும், தூக்கம் கெடும். இரவிலும் சூடு தேவைப்படும் இனமென்றால், வெளிச்சம் இல்லாத செராமிக் ஹீட்டர் இருக்கிறது.

கோடையில் தெர்மோஸ்டாட்டால் ஓரளவுதான் காப்பாற்ற முடியும். அது ஹீட்டரை அணைக்கும், அறையைக் குளிர்விக்காது. அறையே 35 டிகிரியில் இருந்தால் குளிர்ந்த முனை என்று ஒன்று இருக்காது. காற்றோட்டமோ ஏசியோ வேண்டும். கண்ணாடிப் பெட்டியை நேரடி வெயிலில் 'கொஞ்ச நேரம்' வைப்பது உயிரையே எடுக்கும். உள்ளே போன வெயிலின் சூடு வெளியேற வழியின்றித் தேங்கி, வெகு சீக்கிரம் ஏறிவிடும்.

சூடு மிஞ்சினால் விலங்கு கண்ணாடியில் முட்டி முட்டி ஏறும், வாயைத் திறந்து மூச்சுவிடும், பிறகு துவண்டுபோகும். பியர்டட் டிராகன் விளக்கடியில் வாயைத் திறந்து உட்காருவது இயல்பானதே; விளக்கை விட்டு விலகிய பிறகும் திறந்தே இருந்தால்தான் கவனிக்க வேண்டும். துவண்டதைக் குளிர்ந்த அறைக்கு மாற்றி, ஆழமில்லாத, அறை வெப்பத்தில் உள்ள தண்ணீரில் தலை மூழ்காமல் பிடித்துக்கொண்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது.

அந்தப் பைத்தானுக்குக் காயம் ஆற மாதக்கணக்கில் ஆனது. ஒவ்வொரு தோலுரிப்புக்கும் பழுப்பு கொஞ்சம் குறைந்தது, வடு மட்டும் போகவில்லை. அதன் பெட்டியில் இப்போது சென்சார் கிளிப்பால் இறுக்கப்பட்டிருக்கிறது. இரை கொடுக்கும் நாளில் எலியை எடுப்பதற்கு முன், சென்சார் இருக்கும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை என்கிறார் அவர்.