பொத்தான் ஏன் மங்கிக் கிடக்கிறது?

நண்பகல் வெயிலில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் நின்று கைபேசியில் ஒரு படிவம் நிரப்பிப் பாருங்கள். அடியில் 'சமர்ப்பி' பொத்தான் இருப்பதே கண்ணுக்குப் படாது. கூகுளின் மெட்டீரியல் வடிவமைப்பு முறையில், செயலிழந்த, அதாவது இப்போதைக்கு அழுத்தமுடியாத, பொத்தானின் எழுத்துக்குக் கறுப்பின் 38% அடர்த்திதான். வெள்ளைப் பின்னணியில் அதன் நிறவேறுபாடு ஏறத்தாழ 2.7:1. சாதாரண எழுத்துக்கு 4.5:1 கேட்கும் அணுகல் விதிகள் (பார்வைக் குறைவு போன்ற சிரமம் உள்ளவர்களும் பயன்படுத்துவதற்கான விதிகள்), செயலிழந்தவற்றுக்கு விலக்கு அளித்திருக்கின்றன. விதி விட்டாலும் வெயில் விடாது.

மங்கலாகக் காட்டும் வழக்கம் பழையது. 1984இல் வந்த மெக்கின்டோஷின் திரையில் சாம்பல் நிறமே கிடையாது. ஒன்றுவிட்டு ஒன்றாகப் புள்ளிகளை அணைத்து எழுத்தை மங்கலாக்கினார்கள். இன்று இணையப் பக்கத்தின் நிரலில் ஒரு பெட்டிக்கு 'டிஸேபிள்ட்' (disabled) என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். ஆனால் அது நிறத்தோடு நிற்பதில்லை. அடுத்த பெட்டிக்குத் தாவ அழுத்தும் டேப் விசை அந்தப் பெட்டியைத் தாண்டிப் போய்விடும். அதிலுள்ள விவரம் படிவத்தோடு சேர்ந்து போகாது. பயனர் மாற்றக்கூடாது, ஆனால் விவரம் போய்ச் சேரவேண்டும் என்றால் 'ரீட்ஒன்லி' (readonly, வாசிக்க மட்டும்) போடவேண்டும். இந்த இரண்டையும் குழப்பிவிட்டுத் தரவுத்தளத்தில் வெற்றிடம் ஏன் என்று தேடுவோர் பலர்.

எங்கே மங்கலாக்கலாம்? காரணம் பக்கத்திலேயே தெரியும் இடத்தில். மாவட்டத்தைத் தெரிவுசெய்யும்வரை பிரதேச செயலகப் பட்டியல் மூடியிருக்கட்டும். 'முதலில் மாவட்டத்தைத் தெரிவுசெய்யுங்கள்' என்று அதிலேயே எழுதிவிடுங்கள். மட்டக்களப்பைத் தெரிவுசெய்ததும் 14 பிரிவுகளும் திறக்கும்.

சமர்ப்பிக்கும் பொத்தானை மட்டும் மங்கலாக்காதீர்கள். இலங்கையின் அடையாள அட்டை இலக்கத்தை உதாரணமாக எடுங்கள். பழையது 9 இலக்கமும் வீ அல்லது எக்ஸ் எழுத்தும். புதியது 12 இலக்கம். சரிபார்க்கும் நிரல் பெரிய எழுத்து வீயை மட்டும் ஏற்றால், சிறிய எழுத்தில் அடித்தவரின் பொத்தான் கடைசிவரை சாம்பலாகவே கிடக்கும். எல்லாம் நிரப்பியாயிற்று, பிழைச் செய்தியும் இல்லை. அவர் எதைத் திருத்துவார்? பொத்தானை அழுத்தவிட்டு, பிழையான பெட்டிக்குக் கீழே 'கடைசி எழுத்தைப் பாருங்கள்' என்று சொல்வது எவ்வளவோ மேல்.

ஒரே விண்ணப்பம் இரண்டு தடவை போகாதிருக்க, அழுத்தியதும் பொத்தானைப் பூட்டுவது நியாயம்தான். அப்போது அதன் எழுத்தை 'அனுப்பப்படுகிறது…' என்று மாற்றுங்கள். சிக்னல் அறுந்தால் பொத்தானைத் திரும்பத் திறக்கும் நிரல் வரியையும் மறக்காமல் எழுதுங்கள். அதை விட்டால், பக்கத்தைப் புதுப்பித்து முழுப் படிவத்தையும் முதலிலிருந்து நிரப்பவேண்டிவரும்.