தோட்டாவின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம்

2020 மார்ச்சுக்குப் பிறகு அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் தோட்டா அலமாரிகள் காலியாகத் தொடங்கின. துப்பாக்கி தொடர்பாக எஃப்.பி.ஐ. அமைப்பின் வழியே நடக்கும் பின்னணிச் சரிபார்ப்புகள் அந்த ஒரே ஆண்டில் ஏறத்தாழ 3 கோடியே 97 லட்சம். அதுவரை எந்த ஆண்டிலும் அவ்வளவு நடந்ததில்லை. அதற்கு முன் 20 சென்ட் அளவில் விற்ற 9 மி.மீ. தோட்டா, 2021 தொடக்கத்தில் 60 சென்ட்டைத் தாண்டியது. அதுவும் கிடைத்தால்தான். காகித இலக்கைச் சுட்டுப் பழகும் பொழுதுபோக்குக்காரர்கள் நன்றாகவே தவித்தார்கள், ஒரே மாலையில் இருநூறு தோட்டா தீர்ப்பது அவர்களுக்குச் சாதாரணம் என்பதால்.

இது முதல் தடவையும் அல்ல. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, சட்டம் இறுகும் என்ற பேச்சு கிளம்பியது. உடனே மக்கள் வாங்கிக் குவித்தார்கள். மிக மலிவான தோட்டாக்களில் ஒன்றான .22 லாங் ரைஃபிள்கூடக் கடைகளில் இருந்து காணாமல் போனது. நிலைமை சீராக ஆண்டுக்கணக்கில் ஆனது.

இரண்டு முறையும் ஆலைகள் இரவு பகலாக ஓடத்தான் செய்தன. அப்படியானால் எங்கே அடைத்துக்கொண்டது? அதைப் புரிந்துகொள்ள ஒரு தோட்டாவைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தோட்டாவில் நான்கு பகுதிகள். பித்தளைக் கூடு, அதன் வாயில் பொருத்திய ஈயக் குண்டு, உள்ளே புகையில்லா வெடிமருந்து, அடிப்பக்கத்தில் பிரைமர். பிரைமர் என்பது ஒரு குட்டி உலோகக் கிண்ணம். கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் பொதுவாக வரும் சிறிய ரகத்தின் விட்டம் சுமார் நாலரை மில்லிமீட்டர்தான். அதற்குள் சில பத்து மில்லிகிராம் வெடிபொருள் இருக்கும். துப்பாக்கியின் அடிஊசி கிண்ணத்தின் முதுகில் இடிக்கும்போது, வெடிபொருள் நசுங்கித் தீப்பிடிக்கிறது. அந்தத் தீ ஒரு சிறு துளை வழியே உள்ளே பாய்ந்து வெடிமருந்தைக் கொளுத்துகிறது. வெடிமருந்து தானாக அடியில் வெடிக்காது, அதற்குத் தீ வேண்டும். பிரைமருக்கோ அடி ஒன்றே போதும்.

சிக்கல் அந்தக் குணத்தில்தான் இருக்கிறது. அடித்தால் வெடிக்கும் பொருளை ஆயிரம் ஆயிரமாகக் கிண்ணங்களில் நிரப்புவது விளையாட்டு இல்லை. லெட் ஸ்டிஃப்னேட் போன்ற அந்தப் பொருளை ஈரமாக வைத்தே கையாள்கிறார்கள். காய்ந்துவிட்டால் ஆபத்து. தனிக் கட்டடம், தடித்த சுவர், தேர்ந்த ஆட்கள், அரசு அனுமதி என்று எல்லாம் சேர்ந்துதான் ஒரு பிரைமர் பிரிவு உருவாகிறது. குண்டு வார்க்கும் இயந்திரத்தைக் கூடுதலாக ஒன்று வாங்கிப் போடுவதுபோல இதை விரிவாக்க முடியாது. அமெரிக்காவில் பெரிய அளவில் பிரைமர் செய்தவை சி.சி.ஐ., ஃபெடரல், ரெமிங்டன், வின்செஸ்டர் என்ற நான்கு பெயர்கள்தான். அந்த நேரம் பார்த்து ரெமிங்டன் 2020 ஜூலையில் திவால் மனு போட்டது. அதன் தோட்டா ஆலையை, ஃபெடரலையும் சி.சி.ஐ.யையும் ஏற்கெனவே வைத்திருந்த விஸ்டா நிறுவனமே வாங்கியது.

தேவை கூடினால் முதலாளிகள் புதிய ஆலை கட்ட மாட்டார்களா என்று கேட்கலாம். கட்டி முடிப்பதற்குள் பீதி அடங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு கோடிப் பேர் “எதற்கும் இருக்கட்டும்” என்று ஆளுக்கு ஒரு பெட்டி கூடுதலாக வாங்குகிறார்கள். பெட்டிக்கு 50 என்றால், 50 கோடித் தோட்டாக்கள் ஒரே வாரத்தில் கடையை விட்டுப் போய்விடும். ஒருவரும் கூடுதலாக ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. வீட்டு அலமாரியில் போய் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். காலி அலமாரியைப் பார்த்தவர் அடுத்த முறை இரண்டு பெட்டி எடுக்கிறார்.

சரி, சுட்ட கூட்டை மீண்டும் நிரப்பினால் என்ன? பலர் செய்கிறார்கள். பித்தளையின் அருமை அங்கே தெரியும். வெடிக்கும் கணத்தில் கூடு விரிந்து குழலின் பின்னறைச் சுவரோடு ஒட்டி வாயுவைப் பின்னால் கசியவிடாமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் கொஞ்சம் சுருங்கி எளிதாக வெளியே வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இப்படி விரிந்து சுருங்குவதால் உலோகம் கடினமாகிக்கொண்டே போய்க் கடைசியில் கழுத்துப் பகுதியில் கீறல் விடும். அதுவரை பல தடவை பயன்படுத்தலாம். ஆனால் சுட்ட பிரைமரைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. 2020-21-இல் கூடும் குண்டும் கையில் வைத்துக்கொண்டு பிரைமருக்காகக் காத்திருந்தவர்கள் ஏராளம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒற்றைத் துளை கொண்ட, எளிதில் மாற்றத்தக்க பாக்ஸர் ரகப் பிரைமரை வடிவமைத்தவர் ஆங்கிலேயர், அது நிலைபெற்றது அமெரிக்காவில். இரட்டைத் துளை கொண்ட பெர்டன் ரகத்தை வடிவமைத்தவர் அமெரிக்கர், அது பரவியது ஐரோப்பாவில்.

மறுநிரப்பலில் அளவு தவறினால் துப்பாக்கியே வெடிக்கும். வெடிமருந்து தயாரிப்பாளர் அச்சிட்ட அளவுகளைத் தவிர வேறு எதையும் நம்பக்கூடாது. யார் நிரப்பியது என்று தெரியாத தோட்டாவை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சுடக்கூடாது. தட்டுப்பாட்டுக் காலத்தில் இப்படிப்பட்ட சரக்குதான் கைமாறும்.

இப்போது கதையின் மறுபக்கம். அடிஊசி பிரைமரைத் தொட்ட பிறகு சுடுபவருக்கு என்ன வேலை மிச்சம் இருக்கிறது? ஏறக்குறைய ஒன்றுமில்லை. 10 சென்டிமீட்டர் குழலைக் கைத்துப்பாக்கிக் குண்டு ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். ஒரு சத்தம் கேட்டு மனித உடல் அசையவே நொடியில் ஏழில் ஒரு பங்கு ஆகும். ஆகவே குண்டு எங்கே போகும் என்பது பெரும்பாலும் வெடிப்பதற்கு முந்தைய அரை நொடியிலேயே முடிவாகிவிடுகிறது. குறி வைத்தது, மூச்சை நிறுத்தியது, விரல் விசையை அழுத்திய விதம் எல்லாம் அந்த அரை நொடிக்குள் அடக்கம். அந்த அரை நொடியைப் பழகப் பிரைமர் தேவையே இல்லை.

சின்னக் கணக்கு ஒன்று. கைத்துப்பாக்கியின் மேல், குறி பார்க்க முன்னும் பின்னும் இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 150 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். விசையை வெடுக்கென்று இழுத்ததில் முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டரில் குண்டு சுமார் 67 மி.மீ. தள்ளி விழும். 25 மீட்டரில் 167 மி.மீ. துப்பாக்கியைக் குறை சொல்லும் பலருடைய பிரச்சினை இந்த ஒரு மில்லிமீட்டர்தான்.

காலித் துப்பாக்கியில் விசையை அழுத்திப் பழகுவதை ‘டிரை ஃபயர்’ என்பார்கள். விசை விடுபடும் கணத்தில் முன்குறி அசைந்ததா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். உண்மையான சூட்டில் சத்தமும் உதைப்பும் அந்த அசைவை மறைத்துவிடும். இங்கே அது அப்பட்டமாகத் தெரியும். குழலின் முனையில் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை அழுத்திப் பாருங்கள். முதல் நாள் எரிச்சலாக இருக்கும். தினம் பத்து நிமிடம் செய்வது, மாதம் ஒருநாள் போய் இரண்டு மணி நேரம் செய்வதை விடப் பயன் தரும். இடைவெளி விட்டுப் பழகினால் நன்றாகப் பதியும் என்பது நினைவாற்றல் ஆய்வில் 1885-இல் ஜெர்மன் உளவியலாளர் எபிங்கவுஸ் காலத்தில் இருந்தே தெரிந்த செய்தி.

ஒரு எச்சரிக்கை. தோட்டா எல்லாம் வேறு அறையில் இருக்க வேண்டும். பின்னறையைக் கண்ணாலும் விரலாலும் இருமுறை பார்க்க வேண்டும். ஒருவேளை வெடித்தாலும் குண்டைத் தாங்கக்கூடிய சுவரை நோக்கியே பிடிக்க வேண்டும். பயிற்சி முடிந்து தோட்டா போட்ட பிறகு “இன்னும் ஒரு தடவை” என்று விசையைத் தொடும் நேரத்தில்தான் விபத்து காத்திருக்கும். இன்னொன்று, .22 துப்பாக்கியில் கையேட்டைப் பார்க்காமல் டிரை ஃபயர் செய்யாதீர்கள். அந்தத் தோட்டாவில் தனிப் பிரைமர் கிடையாது. வெடிபொருள் கூட்டின் விளிம்புக்குள் இருக்கிறது, அடிஊசியும் விளிம்பைத்தான் தாக்கும். தோட்டா இல்லாதபோது சில துப்பாக்கிகளில் ஊசி பின்னறையின் ஓரத்தில் போய் இடித்து அதை நசுக்கிவிடும்.

டிரை ஃபயரால் ஆகாத வேலையும் உண்டு. வெடிக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பில் கை முன்கூட்டியே கீழே அமுங்கும், கண் இமைக்கும். சுடுபவர்கள் இதை ஃப்ளிஞ்ச் என்பார்கள். குண்டு வெளியேறிய பிறகுதான் சத்தத்துக்கு உடல் பதில் சொல்ல முடியும் என்று பார்த்தோம். ஆகவே குறியைக் கெடுக்கும் ஃப்ளிஞ்ச் சத்தத்தின் விளைவு அல்ல, மூளை போட்ட முன்கணிப்பு. துப்பாக்கி காலி என்று தெரிந்தால் அந்தக் கணிப்பே எழாது. எனவே நண்பரிடம் கொடுத்து, நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே, வெடிமருந்தும் பிரைமரும் இல்லாத போலித் தோட்டாக்களை உங்களுக்குத் தெரியாமல் கலந்து போடச் சொல்லுங்கள். போலி வரும்போது வெடிக்காது, குழல் மட்டும் ‘டக்’கென்று குனியும். பார்க்கவே வெட்கமாக இருக்கும். பத்து நிஜத் தோட்டாவும் பத்துப் போலியும் சேர்ந்தால் ஐம்பது நிஜத் தோட்டா சொல்லாததைச் சொல்லிவிடும்.

பிரைமரே வேண்டாம் என்றால் ஏர் ரைஃபிள் இருக்கிறது. சுருள்வில்லோ அடைத்த காற்றோ அரை கிராம் ஈயக் குண்டை நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் தள்ளும். அதன் ஆற்றல் 7 அல்லது 8 ஜூல். .22 தோட்டாவுக்கு அது சுமார் 140. உதைப்பைப் பழக இது உதவாது. ஆனால் மன்னிப்பே இல்லாத ஆசிரியர். 1984 முதல் ஒலிம்பிக்கில் இருக்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில், பத்து மதிப்பெண் வட்டம் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி.

கடைசியில், சுடும் சில தோட்டாவில் இருந்து அதிகம் தெரிந்துகொள்வது எப்படி? மூன்று சூடு சுட்டு, மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளுக்கு இடைத்தூரத்தை அளப்பதுதான் பழக்கம். அந்த அளவு சூடுகளின் எண்ணிக்கையோடு சேர்ந்து வளரும். அதே துப்பாக்கியும் அதே கையும் மூன்றுக்குப் பதில் பத்துச் சூடு சுட்டால் சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். மேலும் இரண்டு துளைகளை மட்டும் அளப்பதால் மற்றவை சொன்ன தகவல் வீணாகிறது. எல்லாத் துளைகளின் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, அதில் இருந்து ஒவ்வொன்றின் தூரத்தையும் சராசரி எடுத்தால் ஒரு தோட்டாகூட வீணாகாது. குறியைத் திருத்துவதற்கும் இது பொருந்தும். நான்கு சூட்டின் நடுப்புள்ளியில் உள்ள சந்தேகம் ஒரு சூட்டில் உள்ளதில் பாதிதான். அதனால் ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு தடவை குறியைத் திருத்தும் திருகைத் திருப்பாதீர்கள்.

இலக்குத்தாள்களைத் தூக்கிப் போடாமல் தேதியோடு வைத்திருந்தால், இந்த மாதத்து ஐந்து சூட்டையும் அடுத்த மாதத்து ஐந்தையும் சேர்த்துக் கணக்கிடலாம். தட்டுப்பாட்டுக் காலத்தில் இதற்கு ஒரு இடைஞ்சல் வரும். கிடைத்ததை வாங்குவோம், ஒவ்வொரு நிறுவனத்துத் தோட்டாவும் சற்றே வேறு இடத்தில் விழும். சில சமயம் ஒரே நிறுவனத்தின் அடுத்த தயாரிப்புத் தொகுதியே அப்படி விழும். பெட்டியின் மடிப்பில் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணை, அதாவது தயாரிப்புத் தொகுதியின் எண்ணைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டுச் சுடுங்கள்.